மூன்று சுண்டு சாம்பல்

அந்த மாகாணத்துக்குக் கடல் கிடையாது. நாலு பக்கமும் வேறு மாகாணங்கள், நடுவில் மலை, மலைக்கு மேல் மலை, அதற்கும் மேல் மூடுபனி. ஆறுகள் எல்லாம் அங்கே பிறந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கீழே இறங்கிப் போய், அடுத்தவன் மாகாணத்தில் கடலைத் தொட்டன. அந்தக் குறை வெளியே தெரியாமல் இருக்க மாகாணத்து அலுவலர்கள் ஒரு வர்ணப் புத்தகம் அச்சடித்து வைத்திருந்தார்கள்: பதினேழு நீர்வீழ்ச்சி, நாணல் பாய், அரக்குப் பூசிய கைத்தடி, பித்தளை விளக்கு, எட்டு வகை மேளம், ஒரு குகை. கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் விழுந்தது. அந்த இடத்தில் போடத்தான் ஊசிமலைத் தோட்டத்துக் காமன் கூத்தைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள்.

காமன் கூத்து மாசி மாதத்துக்கு உரியது. கம்பம் நட்டு, காமனுக்கும் ரதிக்கும் காப்புக் கட்டி, கல்யாணம் முடித்து, தவத்தில் இருக்கும் சிவன் மேல் காமன் பூ அம்பு விட்டு, நெற்றிக்கண் திறந்து, காமன் எரிந்து, ரதி அழுது, மூன்றாம் நாள் அவனை எழுப்பி வீட்டுக்குக் கூட்டி வரும் வரைக்கும் லயத்து வரிசை வீட்டுச் சனம் ஒழுங்காகத் தூங்காது. வந்த அலுவலர் ஆடக் கேட்டது ஆவணியில். வெளிநாட்டுக்காரர்கள் வருவது ஆவணியில்தான்.

"நாப்பது நிமிசம் தாறோம்," என்றார் அலுவலர்.

"ஐயா, எங்க காமன் சாகவே பதினஞ்சு நாள் ஆகும்," என்றார் கூத்து வாத்தியார் சங்கிலிமுத்து.

"நாப்பது நிமிசத்துல சாக வையுங்க."

"எழுப்புறது?"

"அதுக்கு நேரம் இல்ல. எரிக்கிறதுதான் பார்க்க நல்லா இருக்கும்."

வாத்தியார் வெற்றிலையை மென்று துப்பும் வரைக்கும் யோசித்தார். எரிப்பதை அங்கே வைத்துக்கொள்வோம், எழுப்புவதை மூன்றாம் நாள் நம்முடைய காமன் பொட்டலில் நாமே செய்துகொள்வோம் என்று முடிவு சொன்னார். காமனைப் பாதியில் ஒரு இடத்திலும் மீதியை இன்னொரு இடத்திலும் வைத்து ஆடலாமா என்று யாரும் கேட்கவில்லை. பேருந்து அனுப்புகிறோம், மத்தியானச் சாப்பாடு தருகிறோம் என்று அலுவலர் சொல்லியிருந்தார்.

கேள்வி என்று கேட்டது ஒருத்திதான். யோகராணி, கொழுந்து பறிக்கிறவள், காமன் வேசம் கட்டும் திருச்செல்வத்தின் மனைவி. திருச்செல்வம் கவ்வாத்து மலையில் தேயிலைச் செடி வெட்டுகிறவன்; வெட்டுக் கத்தியைத் தவிர வேறு எதன் மேலும் கோபப்படாத மனிதன். காப்புக் கட்டிவிட்டால் காமன் பெண்சாதியோடு பேசக்கூடாது. அதனால் மாசி தோறும் அவன் வாசலில் நின்று கோழியோடு பேசுவான். "வேலைப் பெரட்டுக்குப் போகும்போது என் சட்டையக் கொஞ்சம் தொவச்சுப் போட்டுப் போகச் சொல்லு," என்பான் கோழியிடம். "ஏன், கட்டிக்கிட்ட ரதிகிட்ட சொல்லித் தொவைக்கச் சொல்லு," என்பாள் அவள், அவளும் கோழியிடம். ரதி வேசம் கட்டும் லோகநாதன் கொழும்பில் புடவைக் கடையில் வேலை பார்ப்பவன், மீசையை எடுக்க மனமில்லாமல் எடுத்துவிட்டு வருகிறவன், இதைக் கேட்டு பக்கத்துக் காம்பிரா வீட்டில் இருந்து சிரிப்பான்.

இந்த முறை காப்பு ஒரே ஒரு நாள். "பதினஞ்சு நாள் விரதத்த ஒரு நாள்ல முடிச்சா எப்புடி?" என்று யோகராணி கோழியிடம் கேட்டாள். "ஒரு நாள்தானேன்னு சந்தோசப்படச் சொல்லு," என்றான் திருச்செல்வம். அதுதான் அவன் அவளுக்குச் சொன்ன கடைசிப் பேச்சு.

தாவணி அருவிக்கு முன்னால் சிமெந்துத் தளம் போட்டு, கம்பி வேலி அடித்து, தளத்தின் மேல் நின்று படம் எடுக்க வசதி செய்திருந்தார்கள். ஒரு ஓரமாகப் பாய் முடைகிற குசுமாவதி நாணலைப் பிளந்துகொண்டிருந்தாள், இன்னொரு ஓரமாக ஜினதாச கடைசலில் தடியைச் சுழற்றிச் சுழற்றி அரக்கை நகத்தால் இழைத்துக்கொண்டிருந்தான், நடுவில் தப்பு முழங்கியது. முப்பத்தெட்டாவது நிமிசத்தில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார். வழக்கம் என்னவென்றால், இரண்டு பேர் திரைச்சேலை பிடிக்க, காமன் அதன் பின்னால் ஒளிந்துகொள்வான். வைக்கோல் பொம்மை எரியும். அன்றைக்கு வைக்கோல் பொம்மையும் எரிந்தது, பின்னால் ஒளிந்த திருச்செல்வமும் எரிந்தான். கத்தவில்லை. நாற்றமும் இல்லை. தட்டில் வைத்த சூடம் எரிந்து முடிவது போல எரிந்து முடிந்தான். சேலையில் ஒரு பொறிகூடப் படவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் கை தட்டினார்கள்.

காமன் எரிந்ததும் சாம்பலை ஆளுக்கு ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்வதும், மிச்சத்தைத் தாளில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோவதும் ஊசிமலைக்காரர்களின் பழக்கம். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் ஆகும், மாடு பால் மறந்தால் ஆகும். மற்ற வருசங்களில் வைக்கோல் சாம்பல் கறுப்பாகக் கையில் பிசுபிசுக்கும். இந்த வருசம் கறுப்புக்குப் பக்கத்திலேயே இன்னொரு குவியல், வெள்ளை வெளேரென்று, மாவு போல, தொட்டால் சில்லென்று. சனம் கறுப்பை விட்டுவிட்டு வெள்ளையை அள்ளியது. பேருந்தில் வந்த மற்ற ஐம்பத்திரண்டு பேரும் அள்ளினார்கள். யோகராணியும் ஒரு சிட்டிகை எடுத்து முந்தானையில் முடிந்தாள். குசுமாவதி கும்பிட்டு வாங்கிக்கொண்டாள், ஜினதாச நிறம் பார்த்து எடுத்துக்கொண்டான். வேனில் வந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு அலுவலரே சின்னச் சின்ன உறையில் போட்டுக் கொடுத்தார், மாகாணத்தின் ஞாபகார்த்தமாக.

பேருந்து புறப்படும்போதுதான் ஒரு தலை குறைந்தது.

"திரு எங்க?"

"எங்கயாச்சும் வெள்ளக்காரனோட படம் எடுத்துக்கிட்டு நிப்பான்."

லோகநாதன் ரதி வேசத்தைக் கலைக்காமல் சன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் ஒரு மஞ்சள் கயிறு கிடந்தது. யோகராணி அதைப் பார்த்துவிட்டாள்.

"அது ஏது?"

"சாம்பல் எடுக்கயில கெடந்துச்சு அக்கா. காப்புக் கவுறு."

"அவுத்தா போட்டாரு?"

"முடிச்சு அப்புடியே இருக்கு."

வாத்தியார் கயிற்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முடிச்சு முடிச்சாகவே இருந்தது, கைதான் இல்லை. "ஆள் எரிஞ்சுட்டான்," என்றார், ஒரு கூடை கொழுந்து சிந்திப் போனதைச் சொல்வது போல.

யாரும் கத்தவில்லை. காமன் எரிவது புதிதா? "சரி, அதான் மூணாம் நாள் எழுப்புறோமே," என்றார் பின் இருக்கையில் இருந்த சின்னத்தம்பிக் கங்காணி. ஆமாம், எழுப்பினால் போயிற்று என்று பேருந்து முழுக்கத் தலை ஆடியது. அப்புறம் ஓட்டுநர் மெதுவாகக் கேட்டான்: "எழுப்ப சாம்பல் வேணாமா?"

ஐம்பத்திரண்டு பேரும் ஒருத்தர் நெற்றியை ஒருத்தர் பார்த்தார்கள். திருச்செல்வம் எல்லார் நெற்றியிலும் மூன்று கோடாக இருந்தான்.

யோகராணி எழுந்தாள். முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு முதல் இருக்கையில் இருந்து ஆரம்பித்தாள். ஆள் ஆளாய் நெற்றியை நீட்டினார்கள்; அவள் விரலால் வழித்து வழித்துச் சேலையில் தட்டினாள்; சிலருடையது வியர்வையில் குழைந்து களிம்பாகி இருந்தது, சிலருடையது காற்றில் ஏற்கனவே உதிர்ந்திருந்தது, கைக்குழந்தை ஒன்று தன்னுடையதை நக்கியிருந்தது. தாளில் மடித்தவர்கள் மட்டும், "பையில எங்கயோ அடியில கெடக்கு புள்ள, வீட்டுக்குப் போய் எடுத்துத் தாறோம்," என்றார்கள். அவளும் சரி என்றாள்.

"எவ்வளவு வேணும் மாமா?" என்று வாத்தியாரைக் கேட்டாள்.

"எங்கப்பாவ எரிச்சப்ப அளந்தேன். மூணு சுண்டு இருந்தாரு. திருவும் அந்த ஒசரந்தான்." அரிசி அளக்கிற தகரச் சுண்டைத்தான் சொன்னார். "கொறைஞ்சா ஆள் கொறைவான். எதுல கொறைவான்னு சொல்ல ஏலாது. காலோ, கண்ணோ."

அன்று சாயங்காலம் வீட்டில் அளந்து பார்த்தாள். அரைச் சுண்டுக்குக் கொஞ்சம் கீழே. அதில் தன் முந்தானையில் முடிந்திருந்த சிட்டிகையும் அடக்கம்.

மறுநாள் விடிந்ததும் அன்றைய வேலைக்குப் பேரு போட்டுக்கொள்ளாமல் தாவணி அருவிக்கு பஸ் ஏறினாள். குசுமாவதி புத்தருக்கு முன்னால் வெற்றிலையில் வைத்திருந்ததை அப்படியே எடுத்து, நாணல் ஓலையில் சின்னப் பெட்டி முடைந்து, அதற்குள் போட்டுக் கொடுத்தாள். "கொண்டு போ. ஒன்னும் எடுக்க இல்ல. எனக்குப் பயம்," என்றாள் தன் தமிழில். ஜினதாச தலையைச் சொறிந்தான். அவன் சாம்பலை அரக்கோடு சேர்த்து உருக்கி ஒரு தடியில் வளையமாக ஏற்றிவிட்டான். "நல்ல நிறம் வந்தது. மழைக்கு முன்னாடி வானம் மாதிரி," என்றான், வருத்தமாகவும் பெருமையாகவும். சுரண்டிப் பார்த்தார்கள், வரவில்லை. கடைசியில் தடியையே கொடுத்துவிட்டான்.

உறையில் போனதைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. வழிகாட்டிப் பையன்களில் மூத்தவன் போன் போட்டுக் கேட்டுச் சொன்னான்: "அக்கா, அவங்க நேத்தே மாகாணத்த விட்டு இறங்கிட்டாங்க. இப்ப கடற்கரையில நிக்கிறாங்க. ஒரு அம்மா அதக் கடல்ல கரைச்சுட்டாங்களாம். புண்ணியம்னு நெனச்சு." யோகராணி கடலைப் பார்த்ததில்லை. திருச்செல்வமும் பார்த்ததில்லை. அவனில் எந்தப் பகுதி பார்த்ததோ.

மத்தியானத்துக்குப் பிறகு லயங்களில் இறங்கினாள். அவள் வீட்டையும் சேர்த்து நாற்பத்தொரு வீடு. அதற்குள் சாம்பல் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. மறுபக்கக் காம்பிரா வசந்தமலரின் மகளுக்கு ஒரு மாதமாக விடாத காய்ச்சல் ஒரே பூச்சில் விட்டு, பிள்ளை முற்றத்தில் குதித்துக்கொண்டிருந்தது. சின்னத்தம்பிக் கங்காணி எட்டு வருசத்துக்கு அப்புறம் முழங்காலை மடக்கிக் குந்தி உட்கார்ந்து, அந்தச் சந்தோசத்தில் எழுந்து எழுந்து குந்தினார். ஒரு ஆட்டுக் கிடாயால் வந்த சண்டையில் பதினோரு வருசம் பேசாமல் ஒரே கூரையின் கீழ் குடும்பம் நடத்திய ராசையாவும் தங்கமணியும் சாம்பல் பூசிய கையோடு பேச ஆரம்பித்து, பதினோரு வருசத்துக்கும் சேர்த்துப் பேசி, இன்னும் முடிக்காமல் வாசற்படியில் இருந்தார்கள். காமன் சாம்பல் இல்லையா. லயம் முழுக்க ஆம்பிளைகள் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தார்கள், பொம்பிளைகள் காரணமில்லாமல் சிரித்தார்கள், நாய்கள்கூட ஒன்றையொன்று கடிக்கவில்லை.

யோகராணி சுண்டை நீட்டினாள்.

"அய்யோ, தராம இருப்பேனா. இரு புள்ள, எடுத்தாறேன்," என்று வசந்தமலர் உள்ளே போனாள். உள்ளே தகரம் அடுப்புத் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. ஒரு பொட்டலத்தோடு வந்தாள். கையில் வாங்கினால் பொட்டலம் சுட்டது.

யோகராணி வசந்தமலரின் முகத்தைப் பார்த்தாள். வசந்தமலர் பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை குதித்துக்கொண்டிருந்தது.

பதின்மூன்று வயதில் இருந்து அடுப்பு ஊதுகிறவளுக்கு எது மனுசன் சாம்பல், எது மிலாறு எரித்த சாம்பல் என்று தெரியாதா? வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சியைத்தான் மிலாறு என்று நாற்பத்தொரு வீட்டு அடுப்பிலும் எரித்தார்கள். அதன் சாம்பல் லேசான பழுப்பு, அதில் கரித்துண்டு இருக்கும், அதற்கு ஒரு வாசம் உண்டு. வேண்டாம் மலர், நீ வச்சிருக்கிறதக் குடு என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்னால் வசந்தமலர் இல்லை என்பாள், இல்லை என்று ஒருத்தி வாய் திறந்துவிட்டால் மற்ற எல்லா வீட்டிலும் கதவு சாத்திவிடும், சுண்டு நிறையாது, காலோ, கண்ணோ. இதையெல்லாம் ஒரு மூச்சு விடும் நேரத்தில் நினைத்துப் பார்த்துவிட்டு, யோகராணி பொட்டலத்தைப் பிரித்துச் சுண்டில் கொட்டினாள். "நல்லா இருப்ப மலர்," என்றாள்.

அப்புறம் எல்லா வீட்டிலும் அதேதான். இரு புள்ள, எடுத்தாறேன். தகரம் உரசும். பொட்டலம் சுடும். கங்காணி வீட்டில் சுட்டது, ராசையா வீட்டில் சுட்டது, வாத்தியார் வீட்டிலேயே சுட்டது. மூன்று வீட்டுக்காரர்கள் மட்டும் அடுப்புச் சாம்பலோடு உள்ளதையும் சேர்த்துக் கொடுத்தார்கள், அதிலும் ஒருத்தர் பாதி. அவள் எதையும் திருப்பவில்லை. மூன்றாம் நாள் காலையில் மூன்று சுண்டும் கோபுரமாக நிறைந்து நின்றன.

தன் அடுப்பு முன்னால் உட்கார்ந்து சுண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலுக்குப் போனது போக இன்னும் ஒரு கைப்பிடி போட்டால் நல்லதோ என்று தோன்றியது. அடுப்பில் சாம்பல் இருந்தது. கை போனது. வேண்டாம், ஊரார் செய்தது செய்ததாக இருக்கட்டும், நம் கையால் பொய் கலக்க வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டாள்.

அவள் செய்த பிழை அதுதான்.

உச்சி வெயிலில் காமன் பொட்டலில் சனம் கூடியது. வாத்தியார் வாழையிலையில் மூன்று சுண்டையும் கவிழ்த்து, ஆள் உயரத்துக்கு நீட்டிப் பரப்பி, இடது கை வரும் இடத்தில் அரக்குத் தடியை வைத்தார். மலையூற்றுப் பீலியில் பிடித்த தண்ணீர் தெளித்தார். லோகநாதன் ரதிப் பாட்டை எடுத்தான். சாயங்காலம் கொழும்பு பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவன், மற்ற வருசம் ஒரு கண்ணால் அழுது மறு கண்ணால் கூட்டத்தைப் பார்க்கிறவன், அன்றைக்கு இரண்டு கண்ணாலும் அழுதான். மாரில் வைத்த பஞ்சு நனைந்து தொங்க, கட்டின சேலை புழுதியில் புரள, எழுந்து வா, எழுந்து வா, பூங்கணையைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன் எழுந்து வா, மலை எல்லாம் கொழுந்து வந்தது எழுந்து வா என்று அவன் கூப்பிட, தப்புக்காரர்கள் அடித்த அடியில் ஊசிமலைப் பாறை திரும்ப அடித்தது, திரும்ப அடித்தது. இலையில் சாம்பல் ஈரமாகி, ஈரம் சேறாகி, சேறு தோளாகி, தோள் முதுகாகி, அந்த முதுகு மூச்சு விட்டது. திருச்செல்வம் எழுந்து உட்கார்ந்தான்.

கால் இருந்தது. கண் இருந்தது. இடது மணிக்கட்டில் மட்டும் சாம்பல் நிறத்தில் பளபளவென்று ஒரு அரக்கு வளையம். யோகராணி ஒவ்வொன்றாகப் பார்த்தாள், எதுவும் குறையவில்லை.

அவன் கூட்டத்தைப் பார்த்தான். "மலரு, அடுப்புல கஞ்சி வச்சுட்டு இங்க நிக்கிற. பொங்குது பாரு," என்றான். வசந்தமலர் ஓடினாள், பொங்கித்தான் இருந்தது. சனம் சிரித்தது. "கங்காணி, உங்க வீட்டு ஒலப்பானை மூடிய எலி உருட்டுது." மறுபடி சிரிப்பு. "தங்கமணி அக்கா, ராத்திரி அவரு உப்பு இல்லன்னு எறிஞ்ச கிண்ணம் அடுப்புக்குப் பின்னால கெடக்கு." ராசையா தலையைக் குனிந்துகொண்டார், அதற்கும் சிரிப்பு. தோட்டத்தில் அவ்வளவு சந்தோசம் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

யோகராணி அவன் எதிரில் போய் நின்றாள். காப்புக் கயிறு வாத்தியார் கையில் இருந்தது, பேசலாம்.

"என்னங்க," என்றாள்.

அவன் மரியாதையாக எழுந்து நின்றான். பஸ் தரிப்பிடத்தில் வழி கேட்கிற பொம்பிளையைப் பார்ப்பது போலப் பார்த்தான். "சொல்லுங்க தங்கச்சி. எந்தத் தோட்டம்?"

கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றார்கள். எரிந்தவனுக்கு முதலில் கொஞ்சம் மறதி இருக்கும் என்றார் வாத்தியார், அப்படி ஒருவரையும் முன்னால் கண்டிராதவர். தோட்டத்து ஆபிஸில் பெயரை வெட்டாமல் வைத்திருந்தார்கள், அதனால் அவன் மறுநாளே கவ்வாத்து மலைக்குப் போனான்; முன்னைவிட நன்றாக வெட்டினான். சமையல் நேரம் வந்தால் மட்டும் அவனுக்கு நிலை கொள்ளாது. ஏதாவது ஒரு லயத்துக்கு நடந்து, ஏதாவது ஒரு காம்பிராவில் நுழைந்து, அடுப்புக்கு முன்னால் தன் வீடு போலக் குந்தி, மிலாறைத் தள்ளி விடுவான். எந்த வீட்டில் உப்புப் பேணி எங்கே இருக்கும், எந்த அடுப்பு எந்தப் பக்கம் புகையும், எந்த வீட்டுக்காரி எந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ரொட்டி தட்டுவாள், எல்லாம் அவனுக்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரியாதது எதுவும் அந்த வீடுகளில் எந்த அடுப்பின் முன்னாலும் நடந்திருக்கவில்லை. முதலில் சண்டை வந்தது, நேற்று உங்க வீட்டில்தானே தின்றான் என்று. பிறகு கங்காணி முறை வைத்தார். நாற்பது வீடு, நாற்பது நாள். படுப்பது கோயில் மண்டபத்தில். பிள்ளைகள் அவனைச் சாம்பல் மாமா என்றார்கள். மாகாணத்துப் புத்தகத்தின் அடுத்த பதிப்பில், கடைசிப் பக்கத்தில், அவன் அரக்கு வளையத்தோடு சிரித்துக்கொண்டு நின்றான்.

நாற்பத்தோராவது வீட்டுக்கு மட்டும் முறை இல்லை. அவன் வேண்டுமென்று விலகவில்லை. அந்த வாசலைத் தாண்டிப் போவான், வருவான், பார்த்தால் சிரிப்பான், உள்ளே ஒரு அடுப்பு இருப்பது அவனுக்குத் தோன்றாது.

இரண்டு மாதம் கழித்து, கொழுந்து நிறுக்கும் இடத்தில், வரிசையில் முன்னால் நின்ற வசந்தமலரிடம் யோகராணி கேட்டாள்: "அன்னைக்கு எனக்கு என்னா சாம்பல் குடுத்த?"

வசந்தமலர் கூடையை இறக்கவில்லை. "என் அடுப்புல உள்ளத."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் வாங்குன?"

"நெறையணுமே."

"பாப்பாவுக்குக் காய்ச்சல் திரும்பிருமோன்னு பயந்தேன் யோகு. ஒன்னு மட்டும் சொல்றேன், நெசமானது இப்பவும் தாள்ல அப்புடியே இருக்கு. வேணுமின்னா எடுத்துக்க."

"இப்ப எதுக்கு," என்றாள் யோகராணி. "இருக்கிற ஆளுல எங்கன்னு கொண்டு போய் ஒட்டுறது?"

வரிசை நகர்ந்தது. நிறுத்தார்கள், எழுதினார்கள். திரும்பி வரும் வழியில் வசந்தமலர் சொன்னாள்: "ஒன் அடுப்புச் சாம்பல்தான் அவன்கிட்ட இல்ல. எங்க எல்லாருதும் இருக்கு. அதான் புள்ள."

அது யோகராணிக்கு முன்பே தெரியும். இன்னொருத்தி வாயால் கேட்கும் வரைக்கும் அது உண்மையாகாமல் இருந்தது, அவ்வளவுதான்.

வசந்தமலர் பேசாமல் இருக்கவில்லை. வீடு வீடாகப் போனாள். சனம் கெட்ட சனம் இல்லை. கையில் பிடித்ததை விட்டுவிடத் தெரியாத சனம். மறுநாளில் இருந்து அவனுக்கு முறை உள்ள வீட்டுக்காரி காலையில் யோகராணியின் வாசலுக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல் தாளை நீட்டுவாள். யோகராணி அடுப்பில் இருந்து ஒரு சிட்டிகை அள்ளிப் போடுவாள். அது அன்றைக்கு அவன் பருப்பில் கலக்கும். ஐப்பசி முழுக்க அப்படி. அடுப்பில் சாம்பல் தீர்ந்துவிடக் கூடாது என்று அவள் தனக்கு ஒருத்திக்குத் தேவையில்லாத சோற்றையும் ஆக்கினாள். ஆக்கியதைக் கோழிக்குப் போட்டாள்.

கார்த்திகையில் ஒரு பின்னேரம், மழை தூறிக்கொண்டிருந்தபோது, அவன் அவளுடைய வாசலில் நின்றான். தலையில் போட்டிருந்த சாக்கை உதறி, ஆணியில் மாட்டினான். அந்த ஆணியை அடித்தது அவன்தான். குனிந்து உள்ளே வந்து அடுப்பு முன்னால் குந்தி, மிலாறைத் தள்ளி விட்டான்.

யோகராணி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. பிறகு தட்டினாள். பேசினால் கலைந்துவிடுமோ என்று பேசவில்லை. அவன் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரொட்டியும் இடிச்ச சம்பலும் தட்டில் வைத்தாள். அவன் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, நிமிராமலே, மேல்தட்டில் சீனி டின்னுக்குப் பின்னால் கையை விட்டு உப்புப் பேணியை எடுத்தான். அவள் அதை அங்கேதான் வைப்பாள்; வேறு எந்த வீட்டிலும் அங்கே வைப்பதில்லை. அவன் மூன்று ரொட்டி தின்றான். இந்த அடுப்பு வலது பக்கம் புகையும் என்று தெரிந்து இடது பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். அவள் முணுமுணுக்கும் பாட்டை, அவள் முணுமுணுக்காமலே, அவன் முணுமுணுத்தான். நாற்பது வீட்டிலும் எப்படி இருப்பானோ அப்படியே இருந்தான்.

தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தான். சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டான்.

"ரொட்டி நல்லா இருந்துச்சு தங்கச்சி," என்றான். "வீட்டுக்காரர் எங்க, காணோம்? வேலைக்கா?"

யோகராணி அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் கேலி இல்லை. அதில் எதுவும் குறையவும் இல்லை.

"ஆமாண்ணே," என்றாள்.

"மழை வலுக்கும் போல இருக்கு. சுருக்கா வரச் சொல்லு," என்று சொல்லிவிட்டு, அவன் படியில் வழுக்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துக் கீழே இறங்கிப் போனான்.